எண்ணக்கூடியவை

சந்தூரிலிருந்து வந்த வண்டி
எடைமேடையில் ஏறி மூச்சு விடுகிறது.
மூன்று டன் நானூறு.
ரசீதைக் கிழிப்பதற்கும் அடுத்த ஹாரனுக்கும் நடுவில்
வங்கித் தேர்வுக் கையேட்டில் ஒரு பக்கம் ஓடும்.
இன்றைக்கு நவுன்.
ஐந்து மதிப்பெண், விடக்கூடாது.

மாம்பழம் எண்ணக்கூடியது என்கிறது கையேடு.
ஒன்றுக்கு மேலே போனால்
வாலில் ஓர் எழுத்து முளைக்கும்.
கூழ் எண்ண முடியாதது. வாலும் கிடையாது.

காவேரிப்பட்டணம் சாலையில் நிற்கும் எங்கள் ஆலையை
இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.
முன்வாசலில் வால் முளைத்து நுழைவது
பின்வாசலில் டின்னுக்குள் வாலறுந்து போகிறது,
கப்பலுக்கு.

பெங்களூரா ஊர்ப்பெயரா, பழப்பெயரா,
முதலெழுத்தைப் பெரிதாகப் போடவா வேண்டாமா?
கையேட்டில் தேடினேன், இல்லை.
மண்டி பசவராஜைக் கேட்டால்
அது விலையின் பெயர் என்பார்,
அதுவும் மட்டமான விலை.

கூட்டப்பெயர்கள் தனிப் பக்கம்.
சிங்கங்கள் கூடினால் கர்வம்.
காகங்கள் கூடினால் கொலையாம்,
நிஜமாகவே அப்படித்தான் அச்சடித்திருக்கிறது.
தோல் சீவும் அறையில்
முழங்கை வரை மஞ்சளாக நிற்கும்
அறுபத்திரண்டு பெண்களுக்கு
ஷிப்ட்.

இல்லையென்றால் லேபர்.
சம்பங்கி சார் வாயில் அது எப்போதும் அஃறிணை, ஒருமை.
‘லேபர் வந்துச்சா?’
‘லேபர் சாப்ட்டுச்சா?’

இரவு பத்தேகால்.
கொட்டை பிரிக்கும் இயந்திரம்
பழக்கமில்லாத ஒரு சத்தம் போட்டு நின்றது.
திம்மக்காவின் இடது சுண்டுவிரல், நுனிக்கணு.
ஆட்டோ கிருஷ்ணகிரிக்குப் போன பிறகு
விபத்துப் பதிவேடு என் மேசைக்கு வந்தது.

‘எழுது. லேபர், ஒண்ணு.’

லேபருக்கு முன்னால் ஒன்று வராது சார், என்றேன்.
எண்ண முடியாத சொல் அது.
இலக்கணப் பிழை.

என்னைப் பார்த்தார்.
கையேட்டைப் பார்த்தார்.
பெயர் போட்டால்
இஎஸ்ஐ, விசாரணை, ஓசூர் ஆபீஸ் என்று
விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவர்
சுண்டுவிரலுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

எழுதினேன்.
தமிழில் எழுத்துக்கெல்லாம் ஒரே உயரம்,
முதலாளி பெயரும் முருங்கைக்காயும்
ஒரே கோட்டில் உட்காரும்.
இங்கிலீஷில் அப்படியில்லை.
ஒரு மனுஷியின் பெயர்
வரியின் கடைசியில் வந்தாலும், நடுவில் நசுங்கினாலும்
தலை நிமிர்ந்துதான் நிற்கவேண்டும்.
திம்மக்காவுக்கு நான் போட்ட முதலெழுத்து
குறுக்குச்சட்டம் வைத்த கம்பம் மாதிரி இருந்தது,
துணி உலர்த்தலாம்.

அடுத்த கட்டம்: காயமடைந்த பாகம்.
பத்தாம் வகுப்பில் படித்தது ஞாபகம் வந்தது.
நம் பெயர்ச்சொல் ஆறில்
உறுப்புகளுக்கென்றே ஒன்று உண்டு, சினைப்பெயர்.
கையேட்டுக்காரன் விரலையும்
பேனா, நாற்காலி, வாளியோடு சேர்த்துவிட்டிருந்தான்.
விரலும் எண்ணக்கூடியதாம்.
ஒன்பதேமுக்கால் விரலுக்கு
வால் உண்டா என்று அவன் சொல்லவில்லை.

விடியற்காலை ஷிப்ட் முடிந்து
நாகவேணி முதலில் வந்தாள், பின்னால் ஷமீம்,
அப்புறம் தலைத்துணியை அவிழ்த்தபடி இன்னும் நாலு பேர்.
‘திம்மக்கா பேரைப் பெருசா எழுதினியாமே, காட்டு.’
காட்டினேன்.
படிக்கத் தெரியாத குப்பம்மா
அந்த எழுத்தின்மேல் நகத்தை வைத்துப் பார்த்தாள்,
பழம் பழுத்ததா என்று பார்ப்பதுபோல.
‘என் பேருல எது பெருசா வரும்?’

ரசீதுப் பின்பக்கங்களில்
ஒவ்வொருத்திக்கும் எழுதிக் கொடுத்தேன்.
பஸ் வந்துவிட்டது. ஓடினார்கள்.

ஹாரன்.
போச்சம்பள்ளி வண்டி, இரண்டு டன் எண்ணூறு.
ரசீதில் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் இருக்கிறது.
நாலு வருஷமாக அதில் நான் கோடு போடுகிறேன்.
எண்ணக்கூடியதுதான் மாம்பழம்.
யாரும் எண்ணியதில்லை.